பெயரா, பொருளா? விவிலியத் தொல்லிடச் சொற்களும் தமிழ் மொழிபெயர்ப்புகளும்

சாலொமோன் அரசன் எகிப்து நாட்டிலிருந்து குதிரைகளோடு புடவைகளையும் வரவழைத்தான் என்று தமிழ் விவிலியத்தின் பவர் மொழிபெயர்ப்பு (1871) தெரிவிக்கிறது. முதல் அரசர் நூலின் பத்தாம் இயலில் 28ஆம் வசனத்தில் இச்செய்தி வருகிறது. இன்றைய வாசகர் இவ்விடத்தில் ஒரு கணம் திகைப்பார். புடவை என்ற சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மகளிர் உடையை மட்டுமன்றிப் பொதுவாகத் துணியையும் குறித்தது என்பதை நினைவுகூர்ந்தால் திகைப்புச் சற்றே தணியும். ஆனால் சிக்கல் தமிழ்ச் சொல்லின் பொருள்மாற்றத்தில் இல்லை. எபிரேய மூலத்தில் அவ்விடத்தில் துணி என்ற பொருள்தரும் சொல்லே இல்லை என்பதுதான் சிக்கல்.

மூலத்தில் உள்ளவை மேம், கோஃப், வாவ், ஹே என்னும் நான்கு எழுத்துகள். இவற்றை ஒரே சொல்லாகக் கொண்டு 'நூல், கயிறு' என்னும் பொருளுடைய வேரோடு இணைத்த 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு, சணல்நூல் எனப் பொருள் கொண்டது. தமிழில் அது புடவையாயிற்று. அந்நான்கு எழுத்துகளை வேறு வகையாகவும் பிரிக்கலாம். முதலெழுத்தாகிய மேம் 'இலிருந்து' என்னும் பொருளைத் தரும் முன்னொட்டு. எஞ்சிய மூன்றும் ஓர் இடப்பெயர். அவ்வாறு பிரித்தால் 'எகிப்திலிருந்தும் குவேயிலிருந்தும் குதிரைகள் வந்தன' என்னும் பொருள் கிடைக்கிறது. குவே என்பது இன்றைய துருக்கியின் தென்கரையில், பிற்காலத்தில் சிலிசியா என்றழைக்கப்பட்ட நிலப்பகுதி. அசீரிய அரசர்களின் கல்வெட்டுகளில் இந்நாடு பலமுறை குறிக்கப்பெறுகிறது. வட சிரியாவில் 1903இல் கண்டெடுக்கப்பட்ட சக்கூர் என்னும் அரசனின் அரமேயக் கல்வெட்டிலும் குவேயின் அரசன் பகைவருள் ஒருவனாக இடம்பெறுகிறான். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் இலத்தீன் வுல்காத்தாவும் இவ்விடத்தில் ஏதோ ஓர் ஊர்ப்பெயர் உண்டு என்ற அளவுக்காவது உணர்ந்திருந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பேணப்பட்ட அவ்வுணர்வு ஆங்கிலத்தில் அறுந்தது. அவ்வறுப்பைத் தமிழும் ஏற்றுக்கொண்டது. ஒரு நாடு துணியாகிவிட்டது.

இத்தகைய இடங்கள் சிலவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விவிலியத் தொல்லிடங்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் அகழாய்வு விவிலியச் செய்தியை மெய்ப்பித்ததா பொய்ப்பித்ததா என்னும் ஒரே வினாவையே எழுப்புகின்றனர். மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் அதைவிட அணுக்கமான வேறொரு வினா உண்டு. மூலத்தில் உள்ள ஒரு சொல் இடத்தின் பெயரா, இடத்தின் தன்மையைக் கூறும் பொதுச்சொல்லா? கடந்த நூற்றைம்பது ஆண்டுகளின் அகழாய்வும் கல்வெட்டாய்வும் இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள எல்லையைப் பல இடங்களில் நகர்த்தியிருக்கின்றன. தமிழ் மொழிபெயர்ப்புகள் அந்நகர்வை எவ்வளவு ஏற்றன, எவ்வளவு ஏற்கவில்லை என்பதே ஈண்டு ஆராயப்பெறுகிறது.

காலப் பின்னணியைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1714-15இல் அச்சேறியது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பப்ரிசியுஸ் செய்த மொழிபெயர்ப்பு பின்வந்தோர் அனைவருக்கும் அடித்தளமாயிற்று. பவர் தலைமையிலான குழுவின் முழுப் பதிப்பு 1871இல் வெளிவந்தது. சீர்திருத்தத் திருச்சபையினரும் கத்தோலிக்கரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளியாயிற்று. பவர் பதிப்பு வந்த அதே 1871இல்தான் பாலஸ்தீன ஆய்வு நிதியம் மேற்குப் பாலஸ்தீனத்தின் நில அளவைப் பணியைத் தொடங்கியது. மோவாபிய அரசன் மேசாவின் கல்வெட்டு அதற்கு மூன்றாண்டுகள் முன்னர்தான் கிடைத்திருந்தது. சீலோவாம் கல்வெட்டு கிடைக்க இன்னும் ஒன்பதாண்டுகள் இருந்தன. ஆகவே பவர் குழுவினரைக் குறைகூறுவது இக்கட்டுரையின் கருத்தன்று. அவர்களுக்குக் கிடைக்காத சான்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அதனை நாம் என்ன செய்தோம் என்பதே வினா.

மேடு என்னும் சொல்

தொல்லியலில் மிக அடிப்படையான சொல் 'தெல்'. ஓரிடத்தில் மண்செங்கல் வீடுகள் கட்டப்பட்டு, இடிந்து, அவ்விடிபாட்டின்மேல் மீண்டும் வீடுகள் எழுந்து, பல நூற்றாண்டுகளில் படிப்படியாக உயர்ந்த செயற்கை மேடு என்பது இதன் பொருள். மெகிதோ, லாகீஸ், ஆத்சோர் ஆகிய யாவும் இத்தகைய மேடுகளே. இச்சொல் அரபு மொழியிலும் அக்காடிய மொழியிலும் வழங்குவது. விவிலிய எபிரேயத்திலும் உண்டு. பவர் பதிப்பில் இந்த ஒரே சொல் மூன்று வடிவங்களில் தோன்றுகிறது.

யோசுவா நூலின் எட்டாம் இயலில் ஆயி என்னும் ஊர் எரிக்கப்பட்டு என்றென்றும் 'தெல்' ஆக்கப்பட்டது என்று வருமிடத்தில் தமிழ் 'மண்மேடு' என்கிறது. எரேமியா நூலில் நகரம் தன் 'தெல்'லின் மீதே மீண்டும் கட்டப்படும் என்னும் இடத்திலும் அதே சொல்தான். இதைவிடச் செவ்விய சொல்லைத் தமிழில் தேட இயலாது. தமிழ்நாட்டில் கள ஆய்வு செய்வோர் பழங்குடியிருப்பு மேடுகளை நத்தமேடு என்றும் திடல் என்றும் ஊரார் வழக்கிலேயே குறிப்பது இங்கு ஒப்பிடத்தக்கது. இடிபாடுகளின்மேல் உயர்ந்த நிலத்தைக் குறிக்கத் தமிழரிடம் சொல் இருந்தது. மொழிபெயர்ப்பாளர் அதனைக் கண்டெடுத்துப் பயன்படுத்தினார். தெல் என்பது அடுக்கடுக்கான குடியிருப்புகளின் எச்சம் என்பதைத் தெல் எல்-ஹெசி என்னும் இடத்தில் பிளிண்டர்ஸ் பெட்ரி 1890இல் அடுக்குமுறையாகக் காட்டுவதற்கு முன்பே இச்சொல் தமிழ் விவிலியத்தில் இருந்தது.

ஆனால் அதே யோசுவா நூலின் பதினோராம் இயலில், தத்தம் 'தெல்'மீது நின்ற நகரங்களை இஸ்ரவேலர் எரிக்கவில்லை, ஆத்சோரை மட்டுமே எரித்தனர் என்னும் செய்தி வருகிறது. அங்கே தமிழில் மண்மேடு மறைந்து 'அரணிப்பு' என்னும் சொல் நிற்கிறது. இதற்குக் காரணம் எபிரேயம் அன்று. 1611ஆம் ஆண்டின் ஆங்கிலப் பதிப்பு இவ்விடத்தில் 'வலிமை' என்று பொருள்கொண்டது. தமிழ் அதன் வழி சென்றது. பப்ரிசியுஸின் தாய்மொழியாகிய ஜெர்மனில் லூத்தர் இதனைக் 'குன்றுகள்' என்றே பெயர்த்திருந்தார் என்பதும் சுட்டத்தக்கது. ஆத்சோரில் 1955 முதல் 1958 வரை இகயேல் யாதின் நடத்திய அகழாய்வில், உயர்ந்த மேல்நகரமும் அதனைச் சூழ்ந்து பரந்த கீழ்நகரமுமாக ஏறத்தாழ 80 ஹெக்டேர் பரப்புள்ள பெருநகரம் வெளிப்பட்டது. கி.மு. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த பேரெரிவின் தடயமும் அங்குக் கிடைத்தது. அதனை எரித்தவர் யார் என்பது இன்றும் விவாதத்திற்குரியது. விவாதம் எதுவாயினும், மேட்டின்மேல் நின்ற நகரங்கள் என்னும் காட்சி தமிழ் வாசகருக்குக் கிட்டவேயில்லை. மூன்று இயல்கள் முன்னர் வந்த சொல்லை மீண்டும் எழுதியிருந்தால் போதும்.

மூன்றாம் வடிவம் எசேக்கியேல் நூலில் உள்ளது. பாபிலோனில் சிறைப்பட்டோர் வாழ்ந்த ஊரின் பெயராகிய 'தெலாபீப்' அது. இங்கே தெல் பெயரின் உறுப்பு. அக்காடியத்தில் அப்பெயர் 'வெள்ளத்தின் மேடு' எனப் பொருள்படும் என்பர். ஆகவே எழுத்துப்பெயர்ப்பே சரி. 'ஆபிப்' என்பதை இளவேனில் எனக் கொண்டு 1909இல் தோன்றிய நகருக்கு இப்பெயரைச் சூட்டியபோது, பழைய பாபிலோனிய மேடு மத்தியதரைக் கடலோரத்து நகரமாயிற்று. தமிழ் நாளிதழ்கள் எழுதும் டெல் அவிவும் தமிழ் விவிலியத்தின் தெலாபீபும் ஒரே பெயர் என்பதை எத்தனை வாசகர் அறிவர்?

ஆயி என்னும் ஊரைப் பற்றி இன்னொன்றும் கூற வேண்டும். எபிரேயத்தில் இப்பெயர் எப்போதும் சுட்டுச்சொல் ஏற்று 'ஹா-ஆய்' என்றே வருகிறது. 'இடிபாடு' என்பதே அதன் பொருள் எனப் பலர் கருதுவர். இவ்வூராகப் பெரும்பான்மையோர் கொள்ளும் இடத்தின் அரபுப் பெயர் 'எத்-தெல்'. அதுவும் சுட்டுச்சொல் பெற்ற பொதுச்சொல்லே, 'அந்த மேடு' என்பது பொருள். இரு மொழிகளிலும் இடத்தின் தன்மையே பெயராகியிருக்கிறது. தமிழில் 'ஆயி' என்று எழுதும்போது சுட்டு மறைகிறது, பொருளும் மறைகிறது, கூடவே தாயையும் அம்மனையும் குறிக்கும் நம் சொல்லின் எதிரொலி வேண்டாத இடத்தில் வந்து சேர்கிறது. எத்-தெல்லில் 1933 முதல் 1935 வரை யூதித் மார்க்கே-கிராவுஸ் அம்மையாரும், 1964 முதல் ஜோசப் காலவேயும் அகழ்ந்தனர். கி.மு. 2400 அளவில் அழிந்த அந்நகரில் கி.மு. 1200 வரை குடியிருப்பே இல்லை என்பது முடிவு. யோசுவாவின் காலமாகக் கருதப்படும் காலத்தில் அது ஏற்கெனவே மண்மேடாக இருந்தது. இம்முரண்பாட்டைத் தீர்ப்பது மொழிபெயர்ப்பாளரின் பணியன்று. ஆனால் ஊரின் பெயரே 'இடிபாடு' என்னும் செய்தியை அடிக்குறிப்பில் தருவது அவர் பணி.

சுட்டுச்சொல்லும் தென்திசையும்

எபிரேயத்தில் இயற்பெயர் பொதுவாகச் சுட்டுச்சொல் ஏற்பதில்லை. ஓர் இடப்பெயர் அதனை ஏற்று வந்தால், அப்பெயர் இன்னும் முழுமையாகப் பெயராக இறுகவில்லை, பொதுச்சொல்லின் பொருள் அதில் உயிரோடிருக்கிறது என்று கொள்ளலாம். தமிழில் இத்தகைய இலக்கணக் கூறு இல்லை. எனவே மொழிபெயர்ப்பாளர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். தேர்வின் சுவடு பனுவலில் தெரிவதுமில்லை. நெகேபு இதற்குத் தக்க சான்று.

நெகேபு என்பது வறட்சியைக் குறிக்கும் வேரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் நிலப்பெயர். யூதேயாவுக்குத் தெற்கே அந்நிலம் இருந்தமையால் திசைப்பெயராகவும் ஆயிற்று. பவர் பதிப்பில் தொடக்கநூலின் பதின்மூன்றாம் இயலில் ஆபிராம் எகிப்தை விட்டுத் தென்திசையில் வருகிறார். வரைபடத்தை விரித்தால் இப்பயணம் நடவாதது. எகிப்திலிருந்து கானானுக்கு வருபவர் வடகிழக்கே வரவேண்டும். தென்திசை சென்றால் நூபியாவுக்குத்தான் போய்ச் சேர்வார். பொது மொழிபெயர்ப்பு இதனை 'நெகேபு' என நிலப்பெயராக்கியது முழுமையாக வரவேற்கத்தக்கது. ஆராத் என்னும் கோட்டையில் 1962 முதல் 1967 வரை நடந்த அகழாய்வில் கிடைத்த ஓட்டெழுத்துக் கடிதங்களுள் ஒன்றில் 'ராமத்-நெகேபு' என்னும் ஊர்ப்பெயர் காணப்படுகிறது. மன்னராட்சிக் காலத்திலேயே இச்சொல் நிலப்பெயராக வழங்கியதற்கு அது நேர்ச்சான்று.

எதிர்த்திசையில் நடந்த பிழைக்கு 'மில்லோ' எடுத்துக்காட்டு. தாவீதும் சாலொமோனும் எருசலேமில் கட்டியதாகக் கூறப்படும் இது மூலத்தில் 'ஹா-மில்லோ' எனச் சுட்டுடன் வருகிறது. 'நிரப்புதல்' என்னும் வேரடியாகப் பிறந்த சொல். பவர் பதிப்பு இதனை ஓர் ஊரின் பெயர்போல ஆக்கிவிட்டது. 1961-67இல் காத்லீன் கென்யன் கிழக்குச் சரிவில் மண்ணும் கல்லும் நிரப்பிக் கட்டிய படிநிலத் தளங்களைக் கண்டு, இவையே மில்லோ எனக் கருதினார். பின்னர் இகால் ஷீலோ 1978 முதல் 1985 வரை அகழ்ந்து அங்குள்ள பெரும் படிக்கல் கட்டமைப்பை வெளிப்படுத்தினார். சில ஆங்கில மொழிபெயர்ப்புகள் இதன்பின் படிநிலத் தளங்கள் என்றே பனுவலில் எழுதத் தொடங்கின. இவ்வேகம் தேவையற்றது. இவ்விரு கட்டமைப்புகளுள் எது மில்லோ, அல்லது வேறொன்றா என்பது இன்னும் முடிவாகவில்லை. பனுவலில் மில்லோ இருக்கட்டும்; 'நிரப்பு மேடை' என்னும் பொருள் குறிப்பில் இருக்கட்டும்.

சொற்பிரிப்பு ஒரு வரலாற்று விவாதத்தையே கிளப்பியதை 1993இல் கண்டோம். தெல் தான் என்னும் இடத்தில் அவ்ரகாம் பிரான் குழுவினருக்குக் கிடைத்த அரமேயக் கல்வெட்டில் சொற்களுக்கிடையே புள்ளியிட்டுப் பிரிப்பது வழக்கம். ஆனால் 'பேத்-தாவீது' எனப் படிக்கப்பெறும் ஆறு எழுத்துகளுக்கு நடுவில் புள்ளி இல்லை. அது தாவீதின் அரசமரபைக் குறிக்கும் தொடரா, ஊர்ப்பெயரா, ஒரு தெய்வத்தின் கோயிலா என ஆய்வாளர் வழக்காடினர். இன்று பெரும்பான்மையோர் முதற்பொருளையே கொள்கின்றனர். இடைவெளியின்றி எழுதப்பட்ட நம் பிராமிக் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவருக்கு, புள்ளி இல்லாமையைக் கொண்டு மட்டும் ஒரு சொல்லின் வகையை முடிவுசெய்ய இயலாது என்பது விளங்கும். தொகைச்சொல்லைச் சேர்த்தெழுதுவது எம்மொழிக்கும் இயல்பே.

அரமும் தோப்பும்

இவ்விரண்டையும் விரைந்து கூறிச் செல்லலாம். முதல் சாமுவேல் நூலின் பதின்மூன்றாம் இயலில், பெலிஸ்தரிடம் கொழுவையும் கோடரியையும் தீட்டிக்கொள்ளச் சென்ற இஸ்ரவேலரைப் பற்றிய வசனத்தில் 'பீம்' என்னும் சொல் உண்டு. விவிலியத்தில் வேறெங்கும் வராத சொல். ஆங்கிலப் பதிப்பு ஊகத்தால் அரம் என்றது. தமிழும் 'அரங்கள்' என்றது. கேசேர், லாகீஸ் முதலிய இடங்களில் 'பீம்' எனப் பொறித்த சிறு எடைக்கற்கள் பின்னர்க் கிடைத்தன. அவை 7.8 கிராம் அளவின; ஒரு சேக்கலில் மூன்றில் இரு பங்கு. ஆக, வசனம் கருவியைப் பற்றியதன்று, கூலியைப் பற்றியது. எடைக்கற்கள் கதை நிகழ்ந்ததாகக் கூறப்படும் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டவை என்பதையும் மறைக்கலாகாது. அரம் என்ற பொருளுக்கு அச்சான்றுகூட இல்லை.

'அசேரா' என்பதைப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு முதலாகவே தோப்பு என்றனர். பவர் குழுவினர் அரசர் நூலில் தோப்பு ஆலயத்துக்குள் வைக்கப்படுவதையும் பின்பு அங்கிருந்து வெளியே கொண்டுவரப்படுவதையும் கண்டு இடர்ப்பட்டிருக்க வேண்டும். தோப்பை எவ்வாறு தூக்கிக்கொண்டு வருவது? 'தோப்பு விக்கிரகம்' என்றொரு புதுத்தொடரை அவர்கள் ஆக்கினர். பிழையான பொருளின் மேல் சரியான உள்ளுணர்வு போட்ட ஒட்டு அது. அசேரா ஒரு பெண்தெய்வத்தின் பெயர் என்பதை உகாரித் சுவடிகள் 1929க்குப் பின் தெளிவாக்கின. 1975-76இல் சீனாய்ப் பாலையின் குந்திலத் அஜ்ருத்தில் கிடைத்த எழுத்துகளிலும் அப்பெயர் உண்டு.

ஒலி காட்டும் வழியும் மறைக்கும் வழியும்

விவிலிய ஊர்களை நிலத்தில் அடையாளம் காட்டியது முதலில் மண்வெட்டி அன்று, செவி. 1838இல் அமெரிக்கரான எட்வர்ட் ராபின்சன் அரபு மொழிவல்லுநரான ஈலை ஸ்மித்துடன் பாலஸ்தீனத்தில் பயணம் செய்தபோது, உழவர் வாயில் வழங்கும் ஊர்ப்பெயர்களில் பழைய பெயர்கள் ஒலித்திரிபுடன் நிலைத்திருப்பதைக் கண்டார். ஆனதோத் 'அனாத்தா' என்றும், மிக்மாஸ் 'முக்மாஸ்' என்றும், கேபா 'ஜெபா' என்றும், பெத்தேல் 'பெய்த்தீன்' என்றும் வழங்கின. கிபியோனை 'எல்-ஜீப்' என்னும் சிற்றூரில் அவர் கண்டார். எபிரேயக் 'கிமெல்' அரபியில் 'ஜீம்' ஆவது ஒழுங்கான மாற்றமே. 1956இல் ஜேம்ஸ் பிரிச்சர்ட் அங்கு அகழத் தொடங்கியபோது கிபியோன் என்னும் பெயர் பொறித்த சாடிக் கைப்பிடிகள் பல கிடைத்தன. ஒப்பியல் ஒலியியலின் ஊகம் மண்ணிலிருந்தே மெய்ப்பிக்கப்பட்ட அரிய நிகழ்ச்சி இது.

ஒலியொப்புமை ஏமாற்றியதும் உண்டு. லாகீஸின் பெயரை 'உம் லாகிஸ்' என்னும் வேறோர் இடம் தாங்கியிருந்தது. அதனை ஒட்டியே தேடியவர்கள் வழிதவறினர். பெட்ரி தெல் எல்-ஹெசியையே லாகீஸ் என நம்பினார். 1929இல் ஆல்பிரைட் சுட்டிய தெல் எத்-துவைரில், பழைய பெயரின் சாயல்கூட இல்லாத மேட்டில், 1930களில் ஸ்டார்க்கி அகழ்ந்தார். 1935இல் நகர வாயிலருகே மையெழுத்துக் கடிதங்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று, லாகீஸின் தீக்குறிகளைக் கவனித்திருக்கிறோம், அசேக்காவைக் காண இயலவில்லை எனப் படைக்காவலன் ஒருவன் எழுதியதாகக் கொள்ளப்படுகிறது. அங்குத் தீக்குறியைச் சுட்டும் சொல் எரேமியாவின் ஆறாம் இயலிலும் வருகிறது. பவர் பதிப்பு அதனைத் 'தீவெளிச்சம்' என்று அழகாகப் பெயர்த்திருக்கிறது. கடிதம் கிடைப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் முந்திய மொழிபெயர்ப்பு அது.

இனித் தமிழ் எழுத்துப்பெயர்ப்பு. தமிழின் ககரம் சொல்லிடையில் ஹகரம்போல் ஒலிப்பதால், எபிரேய 'ஹேத்' எழுத்தை இடையில் அது நன்கு காக்கிறது. பெத்லகேம், எரிகோ, கப்பர்நகூம் ஆகியவற்றைப் பேச்சில் ஒலித்துப் பார்க்கலாம்; ஆங்கில வடிவங்களைவிட எபிரேயத்துக்கு அணுக்கமானவை. கப்பர்நகூம் என்பதில் நகூம் என்னும் ஆட்பெயர் தமிழில் வெளிப்படையாகத் தெரிகிறது. ஆங்கிலத்தில் அது தெரிவதில்லை. சொல்முதலில் நிலை வேறு. முதற்ககரம் வல்லோசையாதலால் மொழிபெயர்ப்பாளர் ஹேத்தை அங்கு விட்டுவிட்டனர்: எபிரோன், ஆத்சோர், ஆரான். இதனால் லோத்தின் தந்தை பெயரும் அக்குடும்பம் தங்கிய ஊரின் பெயரும் தமிழில் ஒன்றாகிவிட்டன. மூலத்தில் அவை வேறு எழுத்துகளில் தொடங்குகின்றன. ஆத்சோர் என்பதிலுள்ள 'த்ச' என்னும் மயக்கம் ஜெர்மானியரின் ஒலிப்பைக் காட்டுவதாகக் கொள்ள இடமுண்டு. சீயோன் என்பதிலும் மூலத்தில் அதே எழுத்துதான். ஆனால் அப்பெயர் நெடுநாள் வழக்கால் வேறு வடிவில் உறைந்துவிட்டது.

பொது மொழிபெயர்ப்பு செக்கேம், கிபயோன், இலாக்கிசு, கப்பர்நாகும் எனப் புதிய வடிவங்களைத் தந்தது. தமிழ் எழுத்து மரபை நோக்கிச் சில வடிவங்கள் திருந்தியுள்ளன. இலாக்கிசு என்பதன் ஈற்றுகரம், நினிவே அரண்மனைச் சிற்பத்தின் அசீரியக் குறிப்பில் உள்ள 'லாகிசு' என்பதோடு தற்செயலாக ஒத்துப்போவது ஒரு வேடிக்கை. ஆனால் விளைவு என்ன? பவர் பதிப்பைப் படித்தவர் சீகேம் என்கிறார். பொது மொழிபெயர்ப்பைப் படித்தவர் செக்கேம் என்கிறார். ஆங்கிலத்திலிருந்து தொல்லியற் கட்டுரை பெயர்ப்பவர் ஷெக்கெம் என்கிறார். லாகீஸை ஆங்கில எழுத்தைப் பார்த்து 'லாச்சிஷ்' என எழுதுவோரும் உளர். இம்மூவரும் ஒரே மேட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதை அறியத் தமிழில் கருவிநூல் வேண்டும். மூன்று வடிவங்களையும் எபிரேய, அரபு வடிவங்களையும் நிலக்கூற்றையும் ஒருங்கே தரும் இடப்பெயர் அடைவே அது. புதிதாக ஒரு நான்காம் வடிவத்தை ஆக்குவதால் பயனில்லை.

நீரின் வழிகள்

எருசலேமின் நீர்வழிச் சொற்களே இவ்வாய்வில் மிகவும் வளமான பகுதி. தாவீது எபூசியரின் நகரைப் பிடித்த செய்தியில் 'த்சின்னோர்' என்னும் சொல் வருகிறது. பவர் பதிப்பு இதனைச் 'சாலகம்' என்கிறது. எசேக்கியா அரசன் நகருக்குள் நீர் கொணர்ந்த செய்தியில் மூலத்தில் 'தெஆலா' என்னும் வேறு சொல். தமிழில் அங்கும் சாலகம். அதே வேளையில் த்சின்னோர் விவிலியத்தில் வரும் மற்ற ஒரே இடமாகிய 42ஆம் சங்கீதத்தில் தமிழ் 'மதகு' என்கிறது. இரண்டு மூலச்சொற்கள் ஒன்றாகவும் ஒரு மூலச்சொல் இரண்டாகவும் ஆகியிருக்கின்றன. சாளரத்தையும் நீர்த்தாரையையும் குறிக்கும் சாலகத்தைவிட, பாசனத்தில் தோய்ந்த மதகு எத்துணையோ மேலானது. நீர் பெருகி இரையும் ஓசையோடு வரும் சங்கீதத்தில் அது பொருந்துகிறது; வீரன் ஏறிச்செல்லும் வழியாக அதனைக் கொள்ள முடியுமா என்பதே சிக்கல்.

1867இல் சார்லஸ் வாரன் கீகோன் ஊற்றருகே செங்குத்தான பாறைத்துளை ஒன்றைக் கண்டார். அதுவே த்சின்னோர் எனப் பலர் கொண்டனர். சில ஆங்கில மொழிபெயர்ப்புகள் 'நீர்த்துளை' எனப் பனுவலிலேயே எழுதின. 1995 முதல் ரோனி ரைக், ஏலி ஷுக்ரோன் ஆகியோர் நடத்திய அகழாய்வு, அத்துளை இயற்கையானது, தாவீதின் காலத்துக்கு முன் நீர் இறைக்கப் பயன்படவில்லை என்று காட்டியது. அகழாய்வைப் பின்பற்றி விரைந்து திருத்தியோர் அகழாய்வாலேயே திருத்தப்பட்டனர். இங்குத் தமிழின் சாலகம், தெளிவின்மையாலேயே தப்பியது.

எசேக்கியாவின் சுரங்க வாய்க்கால் 533 மீட்டர் நீளமுடையது. 1880இல் அதன் சுவரில் கண்ட ஆறுவரிக் கல்வெட்டு இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. இரு குழுவினர் எதிரெதிராகப் பாறையைக் குடைந்து நடுவில் சந்தித்ததையும், ஊற்றிலிருந்து குளம்வரை நீர் 1,200 முழம் ஓடியதையும் அது கூறுகிறது. அரசன் பெயர் இல்லை. 'துளைப்பு' எனப் பொருள்படும் சொல்லைச் சுரங்கத்துக்கு ஆள்கிறது. பாறையில் இருந்த ஏதோ ஒன்றைக் குறிக்கும் ஒரு சொல்லுக்கு இன்றுவரை உறுதியான பொருள் இல்லை. தமிழில் இக்கல்வெட்டைப் பெயர்ப்போர் அச்சொல்லுக்குப் 'பிளவு' என ஐயமின்றி எழுதிவிடுவது முறையன்று.

குளம் என்னும் சொல்லும் கருதத்தக்கது. கிபியோனின் குளத்தருகே அப்னேரின் ஆட்களும் யோவாபின் ஆட்களும் எதிரெதிரே அமர்ந்ததாகச் சாமுவேல் நூல் கூறும். தமிழ் வாசகர் கரையும் படித்துறையும் உள்ள விரிந்த நீர்நிலையைக் கற்பனை செய்வார். பிரிச்சர்ட் கண்டது பாறையில் வட்டமாகக் குடைந்த, 11 மீட்டருக்கு மேற்பட்ட குறுக்களவுள்ள பெருங்குழி. சுவரையொட்டிச் சுழன்றிறங்கும் 79 படிகள். நீர் 24 மீட்டர் ஆழத்தில். இதுவே அக்குளம் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டால், நம் மொழியில் அதற்குரிய சொல் கேணி. திருவெள்ளறையில் படிகளோடு அமைந்த பல்லவர் காலக் கிணற்றை அங்குள்ள கல்வெட்டு 'பெருங்கிணறு' என்கிறது, அதுவும் பொருந்தும். சீலோவாமில் 2004இல் வெளிப்பட்ட, நீண்ட படிவரிசைகளையுடைய நீர்நிலைக்கோ குளம் என்பதே ஏற்றது. மூலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் தமிழிலும் ஒரே சொல் வேண்டும் என்பார் கூற்றில் வலு உண்டு. எனினும் வாசகரின் மனக்கண்ணில் பிழையான நிலக்காட்சி எழுவதைவிடச் சொல்மாற்றமே ஏற்கத்தக்கது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

சீலோவாம் என்னும் பெயருக்கு யோவான் நற்செய்தியே பொருள் கூறுகிறது. எபிரேயத்தில் அது 'அனுப்புதல்' என்னும் வேரடியாகப் பிறந்தது. ஊற்றுநீரைக் குளத்துக்கு அனுப்பும் கால்வாயைக் குறித்து வந்த பெயர் என்பதே இயல்பான விளக்கம். கிரேக்கம் இதனை ஆண்பால் வினையெச்ச வடிவில் பெயர்க்கிறது. கிரேக்க ஆண்பால் ஆளையும் குறிக்கும், வாய்க்காலையும் குறிக்கும். தமிழில் உயர்திணையும் அஃறிணையும் ஒரே ஈற்றில் நில்லா. பவர் பதிப்பு 'அனுப்பப்பட்டவன்' என்றது. பொது மொழிபெயர்ப்பு 'அனுப்பப்பட்டவர்' என மதிப்பைக் கூட்டியது. நற்செய்தியாளர் ஓர் ஆளைக் குறிப்பாகச் சுட்டுகிறார் என்பதை இவை காட்டிவிடுகின்றன. அக்குறிப்புக்கு அடியாக இருந்த நீர் மறைந்துவிடுகிறது. 'அனுப்பப்பட்டது' என்றால் நீர் மீளும், ஆள் மறைவார். இரு பொருளையும் தாங்கும் எச்சவடிவமோ தொழிற்பெயரோ தமிழில் உண்டா என்று தேட வேண்டும். ஈறற்ற 'அனுப்பல்' என்பது ஒருவேளை உதவலாம்.